சிகிச்சைக்கு அறக்கட்டளை உதவி: சென்னையில் எந்தக் கதவை எப்போது தட்டுவது

வீட்டில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்கும் தொகை கையில் இல்லை. அந்த நேரத்தில் எல்லோரும் கேட்பது, "எந்த டிரஸ்ட் பணம் கொடுக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், அதே வேலைகளை முடித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நோயாளிக்கு அதில் போவது இரண்டு வாரமாக இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம்.

இந்த வழிகாட்டி நோயாளியின் குடும்பத்துக்கும், அவர்களுக்காக அலையும் பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், தெருத் தன்னார்வலர் போன்றவர்களுக்கும். சென்னை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும்போது, புதிதாக வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்து எழுதியது. கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் காகிதம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. அவசரமா, தள்ளிப்போடலாமா?

அறக்கட்டளைகள் வேகமாக இயங்குபவை அல்ல. மனுவைப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், அறங்காவலர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். பல இடங்களில் அந்தக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றுதான். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் என்றால் இந்த வழி உதவாது. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காகிதங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசு பணம் கட்டுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர், வெளிமாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. இது தெரியாமல் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை வாரம் தள்ளலாம், டாக்டர்?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று எழுத்தில் இருந்தால், அறக்கட்டளையும் அதற்கேற்ப உங்கள் மனுவை முன்னே எடுக்கும். வாய்வார்த்தையாக "ரொம்ப அர்ஜென்ட் சார்" என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

2. ஜி.எச்.-இல் செய்ய முடியுமா என்று ஒருமுறை போய்க் கேளுங்கள்

ஏறக்குறைய எல்லா அறக்கட்டளைகளும் முதலில் கேட்பது, "அரசு மருத்துவமனையில் ஏன் செய்துகொள்ளவில்லை?" என்பதுதான். "அங்கே சரியாகப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னார்கள்" என்பது பதிலாகாது. அந்த வார்த்தையோடு பல மனுக்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

சென்னையில் எது எங்கே பெயர் பெற்றது என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் குறையும். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ஏறத்தாழ எல்லாத் துறைகளும் உண்டு. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கை அறுவைச் சிகிச்சைக்கும் குடல், கல்லீரல் சிகிச்சைக்கும் ஸ்டான்லி. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. ஓமந்தூரார் வளாகத்திலும் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் உயர் சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன.

போய் ஓ.பி. சீட்டு வாங்கி, அங்குள்ள நிபுணரிடம் காட்டுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். "சேர்த்துக்கொள்கிறோம்" என்றால் செலவுக் கவலையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தாலோ, அந்தக் கருவி இங்கே இல்லை என்று எழுதினாலோ, அந்த ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மனுவில் அதைவிட வலுவான காகிதம் இருக்கப்போவதில்லை.

3. காப்பீடு, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இரண்டையும் முடித்துவிட்டு நகருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் தேவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்கிறார்கள்.

இங்கே சென்னைக்காரர்கள் குழம்பும் இடம் ஒன்று. ஆட்சியர் அலுவலகம் என்றதும் எல்லோரும் ராஜாஜி சாலைக்குப் போய்விடுகிறார்கள். தாம்பரத்தில் குடியிருந்தால் நீங்கள் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி என்றால் திருவள்ளூர். பேச்சுக்கு எல்லாம் சென்னைதான், ஆனால் ரேஷன் கார்டில் எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். அது வருவாய்த் துறை அலுவலர்கள் கையெழுத்தாகி வரச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பழைய சான்று இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஓராண்டு தாண்டியதை அறக்கட்டளைகளும் ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா? புதிதாக வந்த மருமகள் பெயர் பெரும்பாலும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். குழந்தை பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆதாரில் "செல்வி", ரேஷன் கார்டில் "தமிழ்செல்வி", ஆஸ்பத்திரி அட்டையில் "எஸ். செல்வி" என்றிருந்தால் மூன்றும் மூன்று ஆட்கள் என்றுதான் கணினி நினைக்கும். ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பதியும்போதே ஆதாரில் உள்ளபடி பெயர் கொடுத்தால் பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்குவது அவர்களுடைய காப்பீட்டுப் பிரிவின் வேலை. அனுமதி வந்த சிகிச்சைக்கு உங்களிடம் கூடுதலாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் தொகைக்காக அறக்கட்டளையிடம் போய் நிற்காதீர்கள். கட்டவே தேவையில்லாத பணத்தை அவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

சிறுநீரகம், கல்லீரல் மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு அரசு தனி நிதி வைத்திருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் இல்லை என்று யாரோ சொன்னதை வைத்து விட்டுவிடாமல், காப்பீட்டுப் பிரிவில் நேராகக் கேளுங்கள்.

சரி, வருமான வரம்பைத் தாண்டியவர்கள்? மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்றாலே ஆண்டுக்கு 1,20,000 ஆகிவிடுகிறது. வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங், கடை ஊழியர் என்று சென்னையில் பாதிப் பேர் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் ஈ.எஸ்.ஐ.-க்குள் வருவார்கள். அதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று சிறிய தொகை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் மனைவி, குழந்தைகளோடு, அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உரிமை வரும். கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒப்பந்தக் கம்பெனி அட்டையே தராமல் வைத்திருப்பது சகஜம். சூப்பர்வைசரிடம் விடாமல் கேட்டு எண்ணையாவது வாங்குங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் மீதி நிற்கும் குடும்பங்கள்தான் உண்மையில் அறக்கட்டளைக்குப் போக வேண்டியவை: ஈ.எஸ்.ஐ. இல்லாத, வருமான வரம்பைச் சற்றுத் தாண்டியவர்கள். பட்டியலில் இல்லாத சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். 5 லட்சத்தைத் தாண்டும் நீண்ட சிகிச்சையில் இருப்பவர்கள். பாதிச் சிகிச்சை ஏற்கெனவே ஓரிடத்தில் நடந்து, இடம் மாற்ற முடியாதவர்கள்.

4. எஸ்டிமேட் கடிதத்தை ஒழுங்காக வாங்குங்கள்

ஒரு மனு நிற்பதும் விழுவதும் இந்தச் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தில்தான். வார்டில் நர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த "தோராயமாக 3 லட்சம்" செல்லாது.

கடிதம் மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண், நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, தேதி எல்லாம் அதில் வர வேண்டும். மருத்துவரின் கையெழுத்தோடு அவருடைய பதிவு எண்ணும் மருத்துவமனை முத்திரையும் தேவை. தொகையை மொத்தமாகப் போடாமல் ஆபரேஷன், உள்ளே வைக்கும் கருவி, ஐ.சி.யூ. நாட்கள், மருந்து, வார்டு வாடகை என்று பிரித்துக் கேளுங்கள்.

பிரித்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில அறக்கட்டளைகள் கருவிக்கு மட்டும் கொடுக்கும், சில மருந்துக்கு மட்டும். மொத்தத் தொகையாக இருந்தால் யாராலும் எந்தப் பகுதியையும் எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, தனி அறைக்கும் பொது வார்டுக்கும் ஆகும் வித்தியாசம் அதில் தெரிந்துவிடும். தனி அறை போட்ட எஸ்டிமேட்டோடு உதவி கேட்டால், படிக்கிறவர் அடுத்த மனுவை எடுத்துவிடுவார். பொது வார்டுக்கே எழுதி வாங்குங்கள்.

காசோலை யார் பெயருக்கு எழுத வேண்டும், மருத்துவமனையின் வங்கிக் கணக்கு எது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே போடச் சொல்லுங்கள். வாயிலில் இருக்கும் பலகையில் ஒரு பெயர் இருக்கும், வங்கிக் கணக்கு அதை நடத்தும் சங்கத்தின் பெயரில் இருக்கும். தவறான பெயருக்கு வந்த காசோலை திரும்பிப் போய் மறுபடி வர இன்னொரு கூட்டம் நடக்க வேண்டியிருக்கும்.

மூன்று அசல் பிரதிகள் கேளுங்கள். ஆளுக்கொரு அசல் கேட்கிற அறக்கட்டளைகள் இருக்கின்றன. பழைய தேதியிட்ட எஸ்டிமேட்டும் உதவாது. மாதக்கணக்கில் ஆகிவிட்டால் புதிதாக வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

5. மருத்துவமனையிடமே முதலில் கேளுங்கள், பிறகு பற்றாக்குறையைக் கணக்கிடுங்கள்

பெரிய தனியார் மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் ஒருவரோ, நோயாளி நலப் பிரிவோ இருக்கும். பில்லிங் கவுண்டரில் இருப்பவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். "மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பார்க்க வேண்டும்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். அவரிடம் மூன்று விஷயம் கிடைக்கும்: மருத்துவமனையின் சொந்தச் சலுகை, அவர்களோடு தொடர்பில் உள்ள அறக்கட்டளைகளின் பெயர்கள், உங்களுக்காக அவர் எழுதும் ஒரு கடிதம். தெரியாத குடும்பத்தின் மனுவைவிட, தெரிந்த சமூகப் பணியாளரின் கடிதத்தோடு வரும் மனுவை அறக்கட்டளைகள் நம்புகின்றன.

இதன் பிறகு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு: எஸ்டிமேட் 3,20,000. மருத்துவமனைச் சலுகை 40,000. வேலை செய்யும் இடத்தில் கொடுத்தது 20,000. குடும்பம் திரட்டியது 60,000. மீதி 2,00,000. நீங்கள் கேட்கப்போகும் தொகை இந்த 2 லட்சம் மட்டுமே.

புதியவர்கள் எல்லோருக்கும் 3,20,000 என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறையக் கேட்டால் கொஞ்சமாவது வரும் என்ற நினைப்பு. நடப்பது வேறு. பெரும்பாலான அறக்கட்டளைகள் ஒரு நோயாளிக்கு ஒரு பகுதியைத்தான் கொடுக்க முடியும். முழுத் தொகையைப் பார்த்ததும், "நாம் கொடுக்கும் சிறு தொகையால் இந்த ஆபரேஷன் நடக்காது" என்று ஒதுக்கிவிடுவார்கள். "இரண்டு லட்சம் குறைகிறது, உங்களிடம் ஐம்பதாயிரம் கேட்கிறோம், மீதிக்கு இன்னின்ன இடங்களில் மனு போட்டிருக்கிறோம்" என்று எழுதினால், அவர்களால் முடிவெடுக்க முடிகிறது.

மற்ற இடங்களில் கேட்டிருப்பதை மறைக்க வேண்டாம். மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் யார் யார் பணம் கட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே செலவுக்கு இரண்டு பேரிடம் வாங்கியதாக ஆகிவிட்டால் அடுத்த முறை எந்தக் கதவும் திறக்காது.

6. கோப்பை இந்த வரிசையில் அடுக்குங்கள்

மேலே ஒரு பக்க மனு. அதன் கீழே எஸ்டிமேட், மருத்துவரின் சான்று, ஓ.பி. சீட்டு, முக்கியமான ரிப்போர்ட்கள், காப்பீடு கிடைக்காததற்கான ஆதாரம், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், நோயாளியின் புகைப்படம், கடைசியாகப் பற்றாக்குறைக் கணக்கு. எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ் செட். எஸ்டிமேட் தவிர வேறு எந்த அசலையும் எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ரிப்போர்ட் தாள் போதும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உருக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்து முதல் அரைப் பக்கம் "கருணை உள்ளம் கொண்ட" என்று போனால், படிப்பவர் விஷயத்தைத் தேட வேண்டியிருக்கும். இந்த அளவு போதும்:

"ஐயா, நான் வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன், வாடகை வண்டி. என் 7 வயது மகளுக்கு இதயத்தில் துளை இருப்பதாகக் கண்டறிந்துள்ளார்கள். ஆறு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதியுள்ளார். மொத்தச் செலவு இவ்வளவு. மருத்துவமனைச் சலுகையும் எங்கள் பங்கும் போக இவ்வளவு குறைகிறது. காப்பீட்டில் கிடைக்காத காரணம் இது. தங்களிடம் இவ்வளவு கேட்கிறோம். தொகையை மருத்துவமனைக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் கையில் பணம் வேண்டாம் என்று நீங்களே முன்வந்து சொன்னால், படிப்பவரின் சந்தேகத்தில் பாதி போய்விடும்.

7. நோயைப் பார்த்து அறக்கட்டளையைத் தேர்ந்தெடுங்கள்

இணையத்தில் "சென்னை டிரஸ்ட்" என்று தேடிக் கிடைத்த முகவரிக்கெல்லாம் மனு அனுப்புவது தபால் செலவுக்குத்தான் ஆகும். ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே விருப்பம் இருந்தாலும் அவர்களால் கொடுக்க முடியாது.

சிறுநீரகம் என்றால் டேங்கர் அறக்கட்டளை. குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்வது அவர்களின் முக்கிய வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் என்ற செலவுக்கு ஒருமுறை கிடைக்கும் நன்கொடையைவிட இப்படிப்பட்ட மையத்தில் இடம் கிடைப்பதுதான் பெரிய உதவி. குழந்தைகளின் பிறவி இதய நோய்க்கு ஐஸ்வர்யா டிரஸ்ட், குழந்தைகளின் புற்றுநோய்க்கு ரே ஆஃப் லைட் ஃபவுண்டேஷன். செயற்கைக் கால், மறுவாழ்வு என்றால் ஃப்ரீடம் டிரஸ்ட். குணப்படுத்த முடியாத நிலையில் வலி தணிக்கும் பராமரிப்புக்கு டீன் ஃபவுண்டேஷன்.

சில இடங்களில் பணத்துக்கு மனு போடவே வேண்டாம், மருத்துவமனையே தொண்டு நிறுவனமாக இயங்கும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1958-இல் தொடங்கிய, தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை போன்றவை அப்படிப்பட்டவை. கண்ணுக்குச் சங்கர நேத்ராலயாவிலும், பூந்தமல்லி பக்கம் நூம்பலில் உள்ள அரவிந்திலும் வசதியற்றவர்களுக்கு இலவசப் பிரிவு உண்டு. மனநலத்துக்கு அண்ணா நகரில் ஸ்கார்ஃப், ஆதரவற்று மனநோயோடு தெருவில் இருப்பவர்களுக்கு முகப்பேர் பக்கம் தி பான்யன், குடிநோய்க்கு இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை. இங்கெல்லாம் போகும்போதும் வருமானச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

சௌகார்பேட்டை ஜைன அமைப்புகள், மண்ணடி, பெரியமேட்டு முஸ்லிம் அமைப்புகள், தேவாலயங்களோடு இணைந்த குழுக்கள் என்று சமூக அளவிலான உதவிகளும் நகரத்தில் நிறைய. பலர் மதம் பார்க்காமல் கொடுக்கிறார்கள். ஜகாத் என்ற கட்டாயத் தர்மத் தொகையை ரமலான் மாதத்தில் பிரித்துக் கொடுப்பது வழக்கம் என்பதால், அதற்கு முன்னால் மனு போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுகிறது. பிப்ரவரியில் போய்க் கேட்டால் பை காலியாக இருக்கலாம்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கு அதில் ஒரு பகுதி கிடைக்கும். அரசு மருத்துவமனையிலோ அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை நடக்க வேண்டும். தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புவது வழக்கம். ஏற்கெனவே செலவான பணத்தை அதில் திரும்பப் பெற முடியாது.

அந்தக் கடைசி நிபந்தனை அறக்கட்டளைகளிலும் ஏறத்தாழ பொது. வட்டிக்கு வாங்கி ஆபரேஷனை முடித்துவிட்டு, பில்லோடு போய் நின்றால் "கடனை அடைக்க எங்களால் முடியாது" என்றுதான் பதில் வரும். கேட்பதென்றால் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

8. மனு கொடுத்த பிறகு

முதலில் போன் செய்து, இந்த நோய்க்கு உதவுகிறார்களா, எந்த நாளில் நேரில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். தங்களுடைய சொந்தப் படிவம் வைத்திருப்பவர்கள் உண்டு. கொடுத்த மனுவுக்குத் தேதியோடு கையெழுத்தோ, குறிப்பு எண்ணோ வாங்குங்கள். ஒரு நோட்டில் எங்கே, என்றைக்கு, யாரிடம், எவ்வளவு கேட்டோம் என்று எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமே எல்லோரோடும் பேசட்டும். மாமா ஒரு கணக்கும் அண்ணன் ஒரு கணக்கும் சொன்னால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும்.

பிறகு வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள், அல்லது போனில் பேசுவார்கள். வீட்டில் டி.வி., வண்டி இருப்பதைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து ஒளிக்க வேண்டாம். தவணையில் வாங்கியது என்றால் தவணை அட்டையைக் காட்டுங்கள். சொந்த வீடு இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். ஒளித்தது தெரிந்தால்தான் மனு தள்ளுபடியாகும்.

வாரத்துக்கு ஒருமுறை விசாரித்தால் போதும். தினமும் அழைத்தால் எரிச்சல், அழைக்காமலே இருந்தால் வேறு எங்கோ கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

9. இடையில் வருகிறவர்கள்

"டிரஸ்டில் ஆள் தெரியும், பத்து சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று ஆஸ்பத்திரி டீக்கடையில் ஒருவர் வருவார். உதவி செய்யும் அறக்கட்டளை விண்ணப்பக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. அசல் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்ற இணையத் திரட்டலைக் கடைசியில் வையுங்கள். உங்கள் உறவினர்களும் அவர்களின் நண்பர்களும் முதலில் கொடுத்தால்தான் அது நகரும். அப்படி ஒரு வட்டம் இல்லாத குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. கட்டணம் என்ன, விளம்பரச் செலவு யாருடையது, பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று தொடங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் முகம், நோயின் பெயர், வீட்டு முகவரி எல்லாம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அதே படம் யாருடைய போனிலாவது இருக்கும். இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

10. அனுமதிக் கடிதம் வந்தால்

அனுமதிக் கடிதத்தை வைத்து உடனே ஆபரேஷன் தேதி வாங்கிவிட முடியாது. அதை மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் கொடுத்து, இந்தத் தொகை வரும் என்பதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். சில மருத்துவமனைகள் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் நகரும். காசோலை என்றால் மூன்று மாதம்தான் செல்லும். ஆபரேஷன் தள்ளிப்போனால் அறக்கட்டளைக்குச் சொல்லிப் புதுப்பிக்க வேண்டும்.

பணத்தை உங்கள் கையில் தராததைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கணக்குத் தணிக்கைக்குக் காட்ட வேண்டியவர்கள். பணம் உண்மையிலேயே சிகிச்சைக்குப் போனது என்பதற்கு மருத்துவமனை ரசீதுதான் அவர்களுக்கு ஆதாரம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் நேரடியாக உங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி என்ற நன்கொடை வரிச் சலுகை கிடைக்காது, அதற்கான பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் கிடைக்கலாம். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. உதவ நினைக்கும் முதலாளிகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பில் எஸ்டிமேட்டைவிடக் குறைந்தால், மிச்சத்தை மருத்துவமனை அறக்கட்டளைக்குத் திருப்பிவிடும். அதை உங்களிடம் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

11. டிஸ்சார்ஜுக்குப் பிறகு

ஆபரேஷன் பணத்தையே நினைத்துக்கொண்டிருந்து, அடுத்த ஆறு மாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மருந்து, பரிசோதனை, ஆட்டோ, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து குடும்பத்தை இரண்டாவது முறை சாய்க்கும். மனு எழுதும்போதே இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

மருந்துகளுக்கு, அரசுத் திட்டங்களின் மலிவு விலைக் கடைகளான முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை கேளுங்கள். மருத்துவரிடம் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொன்னால்தான் அங்கே எடுக்க முடியும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் சேருங்கள். இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் பதிந்துகொள்வார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்கு ஜி.எச். வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய்.

கை கால் இழப்போ பார்வை இழப்போ நேர்ந்திருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, பஸ் சலுகை, உபகரணம் எல்லாம் அந்த அட்டையில்தான் தொடங்குகின்றன. பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர் என்றால் 14567, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, மனம் உடைந்து பேச வேண்டியிருந்தால் 14416.

கடைசி வேலை ஒன்று பாக்கி. இறுதி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனை ரசீது மூன்றின் நகலையும் உதவிய ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். அதில்லாமல் அவர்களால் உங்கள் கோப்பை மூட முடியாது. மூடாத கோப்பு இருக்கும்போது, ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷனுக்கு நீங்கள் போனாலும், அதே ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு குடும்பம் போனாலும், முதலில் அந்தப் பழைய பில்லைத்தான் கேட்பார்கள்.